தலையணைக்கடியில் ஒரு ஜோடி வைரம்

என் அண்ணன் அன்பாகப் பேசினால்தான் எனக்குப் பயம். திட்டினால் பயமில்லை; திட்டு அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. குரலில் சர்க்கரை ஏறினால்தான் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். அன்று காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போனில் அப்படித்தான் பேசினான்.

"சங்கவி, நல்லா இருக்கியாம்மா? மிதுக்குட்டிக்கு அஞ்சு வயசு ஆயிருச்சே, காது குத்த வேணாமா? தாய்மாமன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"குத்தணும்ண்ணே."

"தோடு என் சீரு. தங்கம் கிங்கமெல்லாம் கிடையாது, வைரம். நெட்டுல ஒரு கடை இருக்கு, உனக்கு அனுப்பியிருக்கேன் பாரு. தெரிஞ்ச பையன் கடைதான். கல்லை நீயே பாத்து எடு. ராசி பாத்துட்டு, பிடிச்சா வச்சுக்கலாம், இல்லன்னா திருப்பிடலாம். சரியா, தங்கம்?"

தங்கம் என்று அவன் என்னைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. தோசை கருகிப்போனது.

என் பயம் புரிய வேண்டுமென்றால் ரேணுகாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேணுகா எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்பராஜைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். இன்பராஜின் ஆட்கள் வந்தால் அண்ணன் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்துத்தான் பேசுவான். தன் வீட்டுப் பெண் அந்த வீட்டுப் பையனோடு போனதை அவனால் செரிக்க முடியவில்லை. உயிரோடு இருப்பவளுக்குக் கருமாதி செய்தான். மொட்டையடித்துக்கொண்டு, ஊரைக் கூட்டிச் சோறு போட்டான். "கருமாதி முடிஞ்சிருச்சு, சாவு மட்டும்தான் பாக்கி" என்று பந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னான். கேட்டவர்களில் ஒருவரும் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரேணு இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். என் கணவர் பாஸ்கர் ஆரம்பத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "எனக்குச் சொல்லாதே. தெரியாததை எவனும் என் வாயிலேர்ந்து புடுங்க முடியாது" என்றார். ஊர்ப் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். கடலோரம் என்பது போதும்.

அண்ணன் போன் செய்ததற்கு முந்தின மாதம், ரேணுவுக்கு வயிற்றில் ஏழாம் மாதம் பிறந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. வளையல் போட ஒரு பெண் துணைகூட இல்லாமல் கிடக்கிறாளே என்று, குலசாமிக்கு வேண்டுதல் என வீட்டில் பொய் சொல்லிவிட்டு, மிதுவையும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். குழந்தையை விட்டுவிட்டுக் குலசாமி கோயிலுக்குப் போனால் யார் நம்புவார்கள்? திரும்பும்போது பஸ்ஸில் மிது என் மடியில் தூங்கி எழுந்தாள்.

"அம்மா, சித்தி வீட்டுக்கு மறுபடி எப்ப போவோம்?"

"சித்தி வீடா? நீ பஸ்ல தூங்கிட்டேல்ல வந்தே. அது கனவு, கண்ணு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "ஆமா, கனவு" என்றாள். அம்மா சொன்னால் சூரியன் மேற்கேகூட உதிக்கும் வயசு. நல்ல கனவை வெளியே சொன்னால் அது திரும்ப வராது என்று ஒரு முடிச்சும் போட்டுவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணன் அனுப்பிய கடையை அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். வைரம் இப்போது மலிவு. மெஷினில் வளர்க்கிறார்கள்; கத்தரிக்காயோடு சேர்த்துக் கூடையில் போட்டு வாங்கிவிடலாம். இருந்தும் உதிரிக் கல் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திரையில் கண்ணுக்கெட்டிய வரை கற்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நிறம், எடை, பட்டையின் நேர்த்தி, உள்ளே இருக்கும் புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருந்தார்கள். விரலால் தள்ளினால் கல் திரும்பி முதுகைக் காட்டியது.

"பத்தாவதுல நீ எடுத்த மார்க்கைவிட இதுங்க பரவால்லடா" என்றார் விசாலம் அண்ணி.

அண்ணி பாஸ்கரின் அக்கா. கணவர் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். ராசி விஷயத்தில் மட்டும் அவர் கணக்கு வேறு.

மிது என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "ரா… சி… பா… ர்க்… க…" என்று ஒரு பட்டனைப் படித்தாள். அவள் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். கண்ணில் படுகிற ஒரு போர்டையும் விடமாட்டாள். அவளோடு பஸ்ஸில் போனால் இறங்குவதற்குள் நமக்கு ஊர்க் கடை எல்லாம் மனப்பாடமாகிவிடும்.

அந்தப் பட்டனை அமுக்கினால் இப்படி எழுதியிருந்தது: 'தேர்ந்தெடுத்த ஜோடிக் கற்களை மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்து ராசி பாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். மனதுக்கு ஒப்பினால் தோடாகச் செய்து தருகிறோம். ஒப்பாவிட்டால் கேள்வி இல்லாமல் எடுத்துக்கொள்கிறோம். எதுவானாலும் பெட்டி திரும்ப வர வேண்டும்.'

"பாத்தியா, விஷயம் தெரிஞ்சவன் கடை" என்றார் அண்ணி. "வைரத்தைச் சும்மா தூக்கிக் காதுல மாட்டிரக் கூடாது. தலைமாட்டுல வச்சுப் படுக்கணும். பாம்பு, நெருப்பு, செத்துப்போனவங்க கனவுல வந்தா கல்லைத் திருப்பிடணும்."

"மெஷின்ல பொறந்த கல்லுக்கு என்னக்கா ராசி?" என்றார் பாஸ்கர்.

"ஏன்டா, ஆஸ்பத்திரியில பொறந்த உனக்கு ஜாதகம் எழுதலையா?"

பெட்டி வந்து சேர்ந்தது. நீல வெல்வெட்டில் இரண்டு கல். அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அண்ணன் கொடுத்தது திருநீறாக இருந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவேன் என்கிற நிலையில் நான் இருந்தேன். பெட்டியைத் தலைமாட்டில் வைக்கவில்லை. அரிசி டின்னில் ஆழமாகப் புதைத்தேன். காலையில் அண்ணி கனவைப் பற்றிக் கேட்டபோது, "கன்னுக்குட்டியோட ஒரு பசு வந்துச்சு அண்ணி" என்று புளுகினேன். பசு வந்தால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். அண்ணியும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டார்.

பெட்டி திரும்பப் போகிற நாளன்று பாஸ்கர் வீட்டில் இருந்தார். அவருக்கு ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுக்கிற பிரிவில் டெக்னீஷியன் வேலை. குகை மாதிரி இருந்த பழைய மெஷினெல்லாம் போய்விட்டது. இப்போது நோயாளி தலையில் ஒரு குல்லாய் மாட்டுகிறார்கள், குல்லாய் முழுக்கக் குட்டிக் குட்டியாக வைரம். கற்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க ஒரு பச்சை டார்ச்சும் கறுப்புக் கண்ணாடியும் எப்போதும் அவர் பையில் கிடக்கும்.

"கொண்டா, உங்கண்ணன் சீரைப் பாப்போம். எங்க கல்லுன்னா பச்சை வெளிச்சத்துல சிவக்கும். நகைக் கல்லு சும்மா கிடக்கும்" என்று விளையாட்டாகத்தான் டார்ச்சை அடித்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. டார்ச்சை அணைத்து மறுபடி அடித்தார்.

"என்னங்க?"

"நீயே பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு கல்லும் குங்குமமாகச் சிவந்து கிடந்தன.

"போலியா?"

"போலின்னா பரவால்லையே. இது எங்க குல்லாயில இருக்கிற கல்லு. வேணும்னே உள்ள ஒரு குறையை வச்சு வளக்குறது. மூளையில ஒரு நினைப்பு ஓடுனா அந்த இடத்துல துளியூண்டு காந்தம் உண்டாகும். இந்தக் கல்லுக்கு அது தெரியும். வலிப்பு எங்கேர்ந்து கிளம்புதுன்னு நாங்க கண்டுபிடிக்கிறது அப்படித்தான்."

பேசிக்கொண்டே வெல்வெட்டை நகத்தால் நெம்பினார். அடியில் பொட்டளவு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதைச் சுற்றி மெல்லிய கம்பிகள்.

"கல்லு கண்ணு மாதிரி. பாத்ததைச் சேத்து வைக்கிறது இந்தப் பெட்டி. அதான் எதுவானாலும் பெட்டி திரும்ப வரணும்னு போட்டிருக்கான்."

"தலையணைக்கு அடியில எதுக்கு?"

"தூங்கும்போதுதான் தெளிவா கேக்கும். முழிச்சிருந்தா தலைக்குள்ள ஒரே சந்தைக்கடை, ஒண்ணும் பிரிச்சு எடுக்க முடியாது. கனவுல வர்ற முகம், இடம், படிக்கிற எழுத்து வரைக்கும் எடுத்துரலாம்னு எங்க டாக்டருங்களே பேசிக்கிட்டாங்க. ஆனா சட்டம் விடாதுன்னாங்க."

"இதெல்லாம் யாருங்க காசு குடுத்துக் கேப்பா?"

"பொண்ணு எடுக்கிறவன் கேப்பான். சொத்துத் தகராறு இருக்கிறவன் கேப்பான்." வெல்வெட்டை மறுபடி அமுக்கி மூடினார். "ஓடிப்போனவங்களைத் தேடுறவன் கேப்பான்."

அண்ணன் ரேணுவைத்தான் தேடுகிறான். அப்புறம்தான் அரிசி டின் நினைவுக்கு வந்தது. சொன்னேன். பாஸ்கர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மூணு நாளா அரிசியிலயா? அரிசி என்னடி கனவு கண்டிருக்கும்? உலை கொதிக்கிற மாதிரி கண்டு பயந்திருக்கும்!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பெட்டியை உடைத்துவிடலாமா என்று கேட்டேன். "வேணாம். உடைச்சா நமக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். வெறும் பெட்டி போயிட்டுப் போகட்டும்" என்றார் பாஸ்கர். கூரியர்காரர் வந்தார். என் கையாலேயே பெட்டியைக் கொடுத்தேன். வெயிலில் வந்தவருக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுத்தேன்.

மத்தியானம் மிதுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் அண்ணியைப் பார்த்துவிட்டு, என் கழுத்தை வளைத்துப் பிடித்துக் காதோடு சொன்னாள்.

"அம்மா, அந்தக் கனவு மறுபடி வந்துச்சு. நான் யார்ட்டயும் சொல்லல. கல்லுட்டகூடச் சொல்லல."

"எந்தக் கல்லு?"

"என் தலகாணிக்கு அடியில தூங்குச்சே, அந்தக் கல்லு."

சோற்றுக் கையோடு அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி சங்கடமாகச் சிரித்தார்.

"அரிசி அளக்கப் போனேன், கையில பட்டுச்சு சங்கவி. உனக்கு நம்பிக்கையில்ல போலன்னு நெனச்சேன். யார் காதுல ஏறப்போகுதோ அவங்க தலைமாட்டுலதானே வைக்கணும்? நைட்டு எடுத்து மிது தலகாணிக்கு அடியில வச்சுட்டு, காலையில டின்லயே போட்ருவேன். உன்னை எதுக்குச் சங்கடப்படுத்தணும்னுதான் சொல்லல."

என்னால் அண்ணியைத் திட்ட முடியவில்லை. மிதுவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"கனவுல என்ன வந்துச்சு கண்ணு?"

"சித்தி வயித்துல பாப்பா இருந்துச்சு. சித்தி வீட்டுக்குக் கீழ கிளிக் கடை. போர்டு படிச்சேனே! கி… ளி… ம… ருந்… த… கம்."

"அவ்வளவுதானா?"

"அதுக்குக் கீழ ஊர் பேரு." அதையும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ஒரு பிழை இல்லை.

பாஸ்கர் சட்டைகூடப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். கூரியர் அலுவலகத்தில் பைகள் ஏற்றிய வண்டி எப்போதோ கிளம்பிவிட்டது என்றார்களாம். போலீஸுக்குப் போகலாம் என்றேன். "என்னன்னு சொல்லுவ? கல்லு எங்க புள்ள கனவைத் திருடிருச்சுன்னா?" என்று கேட்டார். அதுவும் எங்கள் அண்ணனோடு கல்யாண மண்டபத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற போலீஸ்.

கீழ்வீட்டுக்காரர் போனை வாங்கி ரேணுவைக் கூப்பிட்டேன்.

"ரேணு, உடனே கிளம்பு. கையில கிடைக்கிறதை எடுத்துக்க."

"அக்கா, எட்டாம் மாசம். டாக்டரு படுத்தே இருக்கச் சொல்லிருக்காரு."

"தெரியும்டி. கிளம்பு."

"அண்ணனுக்கு யாரு சொன்னா?"

"மிது. தூக்கத்துல."

"சரிக்கா" என்றாள். பயந்தே வாழ்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. எங்கே போக வேண்டும் என்று நானே ஏற்பாடு செய்தேன். என்னோடு காலேஜில் படித்த ஒருத்தியின் வீடு, மலை மேலே. அதற்கு மேல் கேட்காதீர்கள். மருந்துக்கடைக்காரரிடம், யார் வந்து கேட்டாலும் போன மாதமே காலி செய்துவிட்டார்கள் என்று சொல்லும்படி கெஞ்சினேன். நல்ல மனுஷர், ஒப்புக்கொண்டார்.

அவரே பிறகு போன் செய்தார். ஒரு காரில் மூன்று பேர் வந்தார்களாம். "நீங்க சொன்னபடியே சொல்லிட்டேம்மா. ஆனா அதுல ஒருத்தரு பாவம்மா. ரெண்டு வருசமாத் தங்கச்சியைப் பாக்கலன்னு கடை வாசல்ல உக்காந்து அழுதாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

அண்ணன் அழுவான் என்பது எனக்குப் புதுச் செய்தி.

காதுகுத்தை நிறுத்த முடியவில்லை. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, தாய்மாமன் சீரை வேண்டாம் என்றால் வெளிப்படையாகச் சண்டைக்கு நிற்கிறோம் என்று அர்த்தம். அண்ணன் மேளதாளத்தோடு தட்டு வரிசை கொண்டுவந்தான். மிதுவை மடியில் உட்காரவைத்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் வீறிட்டாள். அவன் அவள் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு வாயில் கற்கண்டு போட்டான். பிறகு தோட்டை ஆசாரியிடம் கொடுக்காமல் தன் கையாலேயே மாட்டினான். திருகு வழக்கத்தைவிடப் பருமனாக இருந்தது.

"கல்லு பிடிச்சிருக்கா மிதுக்குட்டி?"

"இது என் தலகாணிக் கல்லு மாமா!"

"அதேதான். ராசியான கல்லு." சபைக்குக் கேட்கும்படி, "ஒரு வருசத்துக்கு யாரும் கழட்டக் கூடாது, ஆமா. தாய்மாமன் சீரு" என்றான். போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றான். அதே சர்க்கரைக் குரல்.

"புள்ளைய உன் பக்கத்துலயே படுக்கப் போட்டுக்கம்மா. காது வலிக்கும். ராத்திரியில தேடும்."

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

பாஸ்கர் அன்றே திருகைப் பார்த்துவிட்டார். பெட்டியில் இருந்ததெல்லாம் இப்போது அதற்குள் இருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம்கூட இல்லை, தானாகவே போய்ச் சேரும் என்றார். கழற்றி எறியுங்கள் என்று கத்தினேன். "கழட்டுனா அவருக்குத் தெரியும். இப்ப அவரு நம்ம வாயை எதிர்பாத்து உக்காந்திருக்காரு, அதனாலதான் கல்லு. தெரிஞ்சிருச்சுன்னா கல்லை விட்டுட்டு ஆளையே அனுப்புவாரு. ரேணு புள்ள பெத்து எழுந்திரிக்கிற வரைக்குமாவது பொறு."

பொறுத்தேன். ரேணுவின் புது இடம் மிதுவுக்குத் தெரியாது, அதனால் அவள் தலைக்குள் ஆபத்தில்லை. பாஸ்கருக்கும் அண்ணிக்கும் தெரியாது. தெரிந்த தலை என்னுடையது ஒன்றுதான். அதனால் பிறந்ததிலிருந்து என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளையை அண்ணியோடு படுக்கச் சொல்லிவிட்டு, நான் கூடத்தில் தனியாகப் பாய் விரித்தேன். அவள் முதலில் அழுதாள், பிறகு கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதை விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி ராசி என்ற வார்த்தையைச் சொல்வதே இல்லை. சில நாள் மிதுவின் தலையைத் தடவிக்கொண்டே அழுதுகொண்டிருப்பார்.

மலையிலிருந்து தகவல் வந்தது. ஆண் குழந்தை, இருவரும் நலம். ஒரு படமும் வந்தது. ஒருமுறை பார்த்துவிட்டு அழித்தேன். அப்படியே எங்கள் அப்பா மூக்கு. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் ஒரு நோய் மாதிரி. உடம்பு முழுக்கச் சூடு பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். நல்ல தூக்கம் தூங்கிப் பல நாளாகியிருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சும்மா சாய்ந்தேன். மிது வாசற்படியில் வந்து நின்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

"அம்மா, நான் இனிமே கனவே காண மாட்டேன். கல்லையும் கையால மூடிக்கிறேன். பக்கத்துல படுத்துக்கட்டுமா?"

அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால்தான் வளர்கின்றன. தான் கண்ட கனவுக்காகத்தான் அம்மா தன்னைத் தள்ளிவைத்திருக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழித்திருந்தால் தலைக்குள் சந்தைக்கடை, ஒன்றும் கேட்காது என்று பாஸ்கர் சொன்னாரே. முழித்தே இருந்தால் போயிற்று. பாயில் தள்ளிப் படுத்து இடம் விட்டேன். அவள் பாய்ந்து வந்து என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கல் என் தாடையில் குத்தியது. தூக்கம் வராமலிருக்க மனசுக்குள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். பதினைந்தாம் வாய்ப்பாட்டை முடித்தேன். மிதுவின் மூச்சு சீராகக் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு வரை சொன்னது நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது, மிது எழுந்து உட்கார்ந்து என் கன்னத்தைத் தட்டியது.

"அம்மா, நீ தூக்கத்துல சிரிச்சே. என்னம்மா கனவு?"